ஒரு மூல இந்தோ-ஐரோப்பியச் சொல்லின் தடம் பிடிப்பது எப்படி? சக்கரத்தை வைத்து ஒரு முழு வழிகாட்டி

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஆங்கிலம் போன்ற மொழிகளுக்கெல்லாம் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிடைத்ததில்லை. அதன் சொற்கள் எல்லாமே பிள்ளை மொழிகளை ஒப்பிட்டுக் கணித்தவை. அதனால்தான் அவற்றுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுகிறோம். எங்கும் எழுதப்பட்டுக் கிடைக்காதது, கணித்தது என்று அதற்குப் பொருள்.

இங்கே ஒரே ஒரு சொல்லைத்தான் எடுத்துக்கொள்கிறோம்: *க்வெக்வ்லொஸ், அதாவது சக்கரம். முதலில் பிள்ளை மொழிகளிலிருந்து இந்த வடிவத்துக்கு ஏறுவோம். அப்புறம் இதிலிருந்து கீழே இறங்கி வழித்தோன்றல்களைப் பார்ப்போம். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் படிகளின் வரிசையை மாற்றிப் போட்டுத்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே வரிசை முக்கியம்.

## 1. தொடங்கும் முன் தயார் செய்ய வேண்டியவை

மூன்று பொருட்கள் வேண்டும். மூலச் சொல்லைச் சுட்டும் நல்ல அகராதி, ஒவ்வொரு கிளையின் ஒலிமாற்ற விதிகளின் பட்டியல், கட்டம் போட்ட ஒரு தாள்.

இன்னொரு ஏற்பாடு நமக்கு மட்டுமே தேவைப்படுவது. தமிழ் எழுத்தில் 'க' என்று ஒன்றை எழுதிவிட்டால் அது ஒலிப்பில்லாததா, ஒலிப்புள்ளதா (குரல்வளை அதிர வருவதா), மூச்சோடு வருவதா என்று தெரியாது. இந்த வேலையில் அந்த வேறுபாடுதான் சான்று. எனவே உங்கள் தாளில் ஒலிப்புள்ள எழுத்துக்குக் கீழே ஒரு கோடு, மூச்சொலிக்கு மேலே ஒரு புள்ளி என்று ஏதாவது ஒரு முறையை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். பாதியில் மாற்றினால் முந்தைய குறிப்புகள் எல்லாம் வீண்.

இந்தக் கட்டுரையில் 'க்வ' என்று எழுதுவது இரண்டு ஒலிகள் அல்ல. உதட்டைக் குவித்துச் சொல்லும் ஒரே ககரம். சமஸ்கிருதச் சொற்களில் வரும் 'ச', 'பச்சை' என்பதில் வரும் ச்ச-வின் ஒலி.

## 2. முதல் வேலை: கடன்சொற்களை ஒதுக்குவது

பலர் ஒத்த சொற்களைச் சேர்ப்பதில் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிட வேண்டும். காரணம் எளிது: ஒரு மொழி இன்னொன்றிடமிருந்து வாங்கிய சொல், கொடுத்த மொழிக்கு மட்டும்தான் சாட்சி சொல்லும். அதைத் தனிச் சாட்சியாக எண்ணினால் ஒரே ஆளை இருமுறை கூண்டில் ஏற்றுகிறோம்.

தமிழின் 'சக்கரம்' இங்கேயே வெளியேறிவிடும். அது சமஸ்கிருதத்திலிருந்து வந்தது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியே குறிப்பிடும். தமிழ் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. சக்கரத்துக்குத் திகிரி, ஆழி என்று பழைய சொற்கள் நம்மிடம் உண்டு. *க்வெக்வ்லொஸை மீட்பதில் அவற்றுக்கும் பங்கில்லை.

ஆங்கிலத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'வீல்', 'சைக்கிள்' இரண்டும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, இரண்டும் இதே மூலத்தில்தான் போய் முடிகின்றன. ஆனால் வீல் மட்டுமே பரம்பரையாக வந்த சொல். சைக்கிள் கிரேக்கத்தில் பிறந்து லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கட்டத்தில் வீலுக்கு மட்டும் இடம் கொடுங்கள்.

எபிரேய மொழியில் சக்கரத்துக்கு 'கல்கல்' என்று ஒரு சொல் உண்டு (இரண்டு ககரமும் ஒலிப்புள்ளவை). பார்த்தவுடன் ஆசையாக இருக்கும். ஆனால் அது உருளுதலைக் குறிக்கும் செமித்திய வேர் ஒன்றிலிருந்து அந்தக் குடும்பத்துக்குள்ளேயே நன்றாக விளக்கப்படுகிறது. வேறு குடும்பத்துச் சொல், சொந்த வீட்டிலேயே விளக்கம் உள்ள சொல் என்றால் விட்டுவிடுங்கள்.

## 3. கிளைக்கு ஒரு சொல், அதுவும் மிகப் பழையது

இனி சேர்க்கலாம். கிளைக்கு ஒன்று போதும், அந்தக் கிளையில் எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய வடிவமாக அது இருக்க வேண்டும். இன்றைய வடிவத்தில் பல நூற்றாண்டு மாற்றங்கள் படிந்திருக்கும்.

நம் சொல்லுக்குக் கிடைப்பவை இவை. ரிக்வேத சமஸ்கிருதத்தில் 'சக்ர'. ஈரானின் பழைய சமய நூலான அவெஸ்தாவில், நடுவில் தொண்டை உரசலோடு, 'சக்ஹ்ர'. ஹோமரின் கிரேக்கத்தில் 'குக்லொஸ்', அதாவது வட்டம், சக்கரம். பழைய ஆங்கிலத்தில் ஒன்றல்ல, மூன்று வடிவங்கள்: ஹ்வேயொல், ஹ்வெயொகொல், ஹ்வெயொவொல். சீனத்தின் தாரிம் படுகையில் கண்டெடுத்த தொக்காரிய ஏடுகளில் 'குக்கல்', 'கொக்கலே', பொருள் வண்டி. லித்துவேனிய மொழியில் 'காக்லஸ்', பொருள் கழுத்து.

கழுத்தைப் பார்த்ததும் அதை அடித்துவிட வேண்டாம். இந்தக் கட்டத்தில் பொருளைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. பொருள் எளிதில் நழுவும். ஒலி விதிப்படி மாறும். ஒலியை முடித்துவிட்டுத்தான் பொருளுக்கு வர வேண்டும்.

பழைய ஆங்கிலத்தின் மூன்று வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விடுவதும் தவறு. அந்த வேறுபாட்டில்தான் ஐந்தாம் படிக்கான துப்பு இருக்கிறது.

## 4. மெய்யெழுத்துகளை வரிசையாக நிறுத்துவது

வேலையின் முதுகெலும்பு இதுதான். பொறுமையாகச் செய்யுங்கள்.

ஒவ்வொரு சொல்லையும் ஒலி ஒலியாகப் பிரித்துக் கட்டத்தில் எழுதுங்கள். முதல் மெய்யின் பத்தியில் சமஸ்கிருதத்தின் ச, கிரேக்கத்தின் க, பழைய ஆங்கிலத்தின் ஹ்வ, தொக்காரியத்தின் க, லித்துவேனியத்தின் க நிற்கும். இவை ஒன்றுபோல் இல்லை. இருக்கவும் வேண்டாம். ஒத்திருப்பது சான்றல்ல, அதே பொருத்தம் வேறு சொற்களிலும் திரும்ப வருவதுதான் சான்று.

திரும்ப வருகிறதா? லத்தீனின் 'க்வ' இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ஹ்வ வருவதைப் பாருங்கள். லத்தீன் 'க்வொத்', பழைய ஆங்கிலம் 'ஹ்வெத்', இன்றைய ஆங்கிலம் 'வாட்': மூன்றும் 'என்ன'. ஜெர்மன் அறிஞர் ஜேக்கப் கிரிம் 1822இல் ஒழுங்குபடுத்தித் தந்த ஒலிமாற்றத்தின் ஒரு பகுதி இது. ஆகவே ஹ்வ-வுக்கு முன் இருந்தது க்வ.

சமஸ்கிருதத்தின் ச-தான் பலரை நிறுத்திவைக்கும். க்வ எப்படி ச ஆனது? லத்தீனில் நான்கு 'க்வத்துவோர்', சமஸ்கிருதத்தில் 'சதுர்' (நம் சதுரம்). லத்தீனில் ஐந்து 'க்வின்க்வே', சமஸ்கிருதத்தில் 'பஞ்ச'. பொருத்தம் திரும்ப வருகிறது. ஆனால் லத்தீனின் க்வ-வுக்கு எதிரே சில இடங்களில் சமஸ்கிருதத்தில் க-வும் நிற்கிறது; 'யார்' என்பதன் 'க' அப்படித்தான். நம் சக்ர-விலேயே முதலில் ச, அடுத்து க.

விடை அடுத்து வந்த உயிரில் இருக்கிறது. முன்னொரு காலத்தில் 'எ' அல்லது 'இ' தொடர்ந்த இடத்தில் ககரம் சகரமாகக் குழைந்தது. மற்ற இடங்களில் ககரமாகவே நின்றது. பிறகு அந்த 'எ' சமஸ்கிருதத்தில் 'அ' ஆகிவிட்டது. காரணம் மறைந்து விளைவு மட்டும் நிற்கிறது. 1870களில் பல அறிஞர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கண்டுகொண்ட விதி இது. சமஸ்கிருதத்தின் உயிர்கள்தான் பழையவை என்ற எண்ணம் அதோடு போயிற்று. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான். ஒரு மெய், தனக்குப் பக்கத்தில் இருந்து மறைந்துபோன உயிருக்குச் சாட்சி சொல்கிறது!

கிரேக்கம் கொஞ்சம் சிக்கல். அங்கே க்வ, எகரத்துக்கு முன் த ஆகும், ஒகரத்துக்கு முன் ப ஆகும். அப்படியென்றால் குக்லொஸில் க எங்கிருந்து வந்தது? உகரத்தின் பக்கத்தில் நிற்கும்போது க்வ தன் உதட்டுக் குவிவை இழந்து வெறும் க ஆகிவிடும் என்பது கிரேக்க விதி. இதைச் சோதிக்க அழகான ஒரு சோடி உண்டு. வெள்ளாடு மேய்ப்பவன் 'ஐப்பொலொஸ்'. மாடு மேய்ப்பவன் 'பூக்கொலொஸ்'. பின்பகுதி இரண்டிலும் ஒன்றே. மாட்டுக்கான சொல்லில் உகரம் இருப்பதால் அங்கே மட்டும் ப வரவேண்டிய இடத்தில் க வந்திருக்கிறது.

கடைசி மெய்: சமஸ்கிருதமும் அவெஸ்தாவும் ர, மற்றவை எல்லாம் ல. வாக்கெடுப்பு நடத்தி ல வென்றது என்று முடிவு செய்யாதீர்கள். எண்ணிக்கை ஒரு வாதமே அல்ல. இந்தோ-ஈரானியக் கிளையில் பழைய லகரம் ரகரத்தோடு கலந்தது என்பது வேறு சொற்களில் தெரிகிறது. நிறைந்தது என்பதற்குச் சமஸ்கிருதத்தில் 'பூர்ண', லத்தீனில் 'ப்லேனுஸ்', ஆங்கிலத்தில் 'ஃபுல்'. எனவேதான் ல.

## 5. உயிர்கள், பிறகு அழுத்தம்

சமஸ்கிருதத்தில் பழைய எ, ஒ, அ மூன்றும் அகரமாகக் கலந்துவிட்டன. உயிர்களுக்கு அதை நம்பாதீர்கள். நம் சொல்லில் முதல் உயிர் எ என்பதைச் சமஸ்கிருதச் சகரமே சொல்லிவிட்டது. பழைய ஆங்கில வடிவங்களின் எ-வும் அதை உறுதிப்படுத்துகிறது. கிரேக்கத்தின் உ, க்வ-வின் உதட்டுக் குவிவு உயிரோடு சேர்ந்ததால் வந்தது என்று விளக்குவது வழக்கம். லித்துவேனியத்தின் அ பழைய ஒகரத்திலிருந்து வருவது. எனவே முதல் அசையில் ஒ இருந்த ஒரு வடிவமும் இருந்திருக்க வேண்டும்.

இனி ஒதுக்காமல் வைத்திருந்த பழைய ஆங்கில வடிவங்கள். ஹ்வேயொல் ஒருபுறம், ஒலிப்புள்ள ககரத்தோடு ஹ்வெயொகொல் இன்னொருபுறம். ஜெர்மானிய மொழிகளில் ஹ, ஹ்வ போன்ற உரசொலிகள் (காற்று உரசி வருபவை), உடனே முன்னால் உள்ள அசையில் அழுத்தம் இல்லாவிட்டால் ஒலிப்புள்ளவையாக மாறும். டேனிஷ் அறிஞர் கார்ல் வெர்னர் கண்ட விதி இது. ஆக, ஒரு வடிவத்தில் அழுத்தம் முதல் அசையில், இன்னொன்றில் பின்னால்.

இதற்கு வெளிச்சாட்சி உண்டா? உண்டு. வேத ஓதுதலில் சக்ர என்பதன் அழுத்தம் கடைசி அசையில். கிரேக்கத்தின் குக்லொஸில் முதல் அசையில். ஹோமரில் பன்மைக்கு 'குக்ல' என்ற தொகுப்புப் பன்மையும் (பலவற்றை ஒரே தொகுதியாகச் சொல்லும் வடிவம்) இருக்கிறது. முதலசை அழுத்தம் கொண்ட ஒருமையும் கடையசை அழுத்தம் கொண்ட தொகுப்புப் பன்மையும் மூலத்தில் அருகருகே இருந்தன என்று கொண்டால் எல்லாம் பொருந்துகிறது. மூன்றில் இரண்டு வடிவத்தை முன்னரே தூக்கிப் போட்டிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

## 6. கிடைத்த சொல்லைப் பிரித்துப் பார்ப்பது

*க்வெக்வ்லொஸ் கிடைத்தாயிற்று. இங்கே நிறுத்திவிடுவது பொதுவான தவறு. உள்ளே இலக்கண அமைப்பு தெரிந்தால்தான் வடிவம் உறுதிப்படும்.

வேர் *க்வெல், 'சுற்று, திரும்பு'. முதல் மெய்யை எகரத்தோடு முன்னால் இரட்டித்திருக்கிறார்கள்: க்வெ. வேரின் சொந்த உயிர் மறைந்து க்வ்ல் ஆகிவிட்டது. பின்னால் ஒ, அப்புறம் எழுவாய் விகுதி ஸ். சுற்றிச் சுற்றி வருவது என்பது போன்ற பொருள். இப்படி இரட்டிப்பது அந்தக் குடும்பத்தில் புதிதல்ல. சமஸ்கிருதத்தில் 'செய்தான்' என்பதற்கு உள்ள 'சகார' என்ற வினைவடிவமும் இதே முறைதான். அங்கும் முதலில் ச, அடுத்து க என்பதைக் கவனியுங்கள்.

வேர் தனியாக வேறு எங்காவது பிழைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பிரித்தது வெறும் ஊகம். இந்த வேருக்குச் சாட்சிகள் தாராளம்: சமஸ்கிருதத்தில் 'சரதி' (திரிகிறது), கிரேக்கத்தில் அச்சைக் குறிக்கும் 'பொலொஸ்', லத்தீனில் 'கொலோ' (உழுகிறேன், குடியிருக்கிறேன்). பழைய ஸ்லாவியத்தில் 'கொலோ' என்றால் சக்கரமேதான், ஆனால் இரட்டிப்பு இல்லாமல். லத்தீனின் கொலோவில் வெறும் க இருக்கிறதே என்றால், குடியிருப்பவனுக்கு உள்ள 'இன்க்விலீனுஸ்' என்ற சொல்லில் பழைய க்வ அப்படியே நிற்கிறது.

## 7. இப்போதுதான் பொருள்

சக்கரம், வட்டம், வண்டி, கழுத்து. எந்த ஒன்றிலிருந்து மற்றவற்றுக்கு எளிதாகப் போக முடியும் என்று கேளுங்கள். சக்கரத்திலிருந்து வண்டிக்கும் வட்டத்துக்கும் போகலாம். கழுத்து திரும்புவது; வேரின் பொருளிலிருந்து நேரே வந்திருக்கலாம்.

ஒரு சொல்லை மட்டும் வைத்துப் பொருளைத் தீர்மானிப்பது ஆபத்து. கூட்டாளிச் சொற்களையும் பாருங்கள். அச்சுக்குச் சமஸ்கிருதத்தில் 'அக்ஷ', லத்தீனில் 'அக்சிஸ்', கிரேக்கத்தில் 'அக்சோன்'. வண்டியில் கொண்டுபோவதற்குச் சமஸ்கிருதத்தில் 'வஹதி' (நம் வாகனம் இந்த வேரில்தான்), லத்தீனில் 'வெஹோ', ஆங்கிலத்தில் வண்டிக்கான பழைய சொல் 'வெய்ன்'. சக்கரத்துக்கு இன்னொரு சொல்லும்: லத்தீன் 'ரோத்த', சமஸ்கிருத 'ரத'. வண்டி தொடர்பான ஒரு தொகுதியே இருக்கும்போது, நம் சொல்லுக்குச் சக்கரம் என்ற பொருள் உறுதியாகிறது.

## 8. எந்தக் கிளையில் இல்லை என்று பார்ப்பது

இருக்கும் இடங்களைப் பட்டியலிட்டவர்கள் இல்லாத இடத்தைப் பார்ப்பதில்லை. ஆனடோலியக் கிளையில், அதாவது இன்றைய துருக்கிப் பகுதியில் பேசப்பட்டு மறைந்த ஹிட்டைட்டும் அதன் உறவுகளும் சேர்ந்த கிளையில், *க்வெக்வ்லொஸின் வழித்தோன்றல் கிடைக்கவில்லை. ஹிட்டைட்டில் சக்கரம் 'ஹுர்கி', வேறு சொல்.

இது முக்கியம். ஆனடோலியக் கிளைதான் முதலில் பிரிந்தது என்று பலரும் கருதுகிறார்கள். ஆகவே இந்தச் சொல்லை அந்தப் பிரிவுக்கு முந்தைய மொழியில் வைக்க நம்மிடம் சான்று இல்லை. பிரிவுக்குப் பிந்தைய பொது மொழிக்கு மட்டும் உறுதியாகச் சொல்லலாம். உங்கள் குறிப்பில் இதை எழுதி வையுங்கள்.

காலத்துக்குத் தொல்லியல் துணை செய்யும். போலந்தின் ப்ரோனோசிட்சே என்ற இடத்தில் கிடைத்த பானையில் நான்கு சக்கர வண்டி போலத் தெரியும் கோட்டோவியம் ஏறக்குறைய கி.மு. 3500ஐ ஒட்டியது. சக்கரம் இல்லாத காலத்தில் அதற்குப் பெயர் இருந்திருக்காது. எனவே சக்கரம் என்ற பொருளோடு இந்தச் சொல்லை மிகப் பழைய காலத்துக்குத் தள்ள முடியாது. ஆனால் வேர் அதைவிட எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

## 9. மேலிருந்து இறங்கிச் சரிபார்ப்பது

ஏறியது சரியா என்று இறங்கினால்தான் தெரியும். விதிகளை ஒவ்வொன்றாக, காலவரிசையில் போட வேண்டும்.

சமஸ்கிருதம்: *க்வெக்வ்லொ. முதலில் உதட்டுக் குவிவு போய் *கெக்லொ. அடுத்து எகரத்துக்கு முன் குழைந்து *செக்லொ. பிறகு எ, ஒ அகரமாகி, லகரம் ரகரமாகி, சக்ர. வரிசையை மாற்றி எகரத்தை முதலில் அகரமாக்கிப் பாருங்கள். குழைவதற்குக் காரணமே இருக்காது. 'கக்ர' என்று வந்து நிற்கும். அப்படி ஒரு சொல் இல்லை. விதிகள் சரியாக இருந்தாலும் வரிசை தவறினால் விடை தவறும்.

ஆங்கிலம்: க்வ, ஹ்வ ஆகும். நடுவில் உள்ள ஹகரம் தேய்ந்து மறையும். ஹ்வேயொல் வரும். பின்னர் வீல். ஏதாவது ஒரு கிளையில் 'இங்கே மட்டும் விதிவிலக்கு' என்று எழுத வேண்டி வந்தால், மேலே போய் மீண்டும் பாருங்கள்.

## 10. வழித்தோன்றல் வரைபடம்

இதற்கு இரண்டு விதக் கோடுகள் வேண்டும். பரம்பரைக்கு நேர்கோடு, கடனுக்குப் புள்ளிக்கோடு. முன்பு ஒதுக்கிய கடன்சொற்கள் எல்லாம் இப்போது திரும்பி வரலாம். மீட்பதற்குப் பயன்படாதவை, பரவலைக் காட்டுவதற்கு மிகவும் பயன்படும்.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 'சக்கரம்' சமஸ்கிருதத்திலிருந்து. 'சைக்கிள்' கிரேக்கத்திலிருந்து ஆங்கிலம் வழியாக. ராட்டைக்குச் சொல்லும் 'சர்க்கா' பாரசீகத்தின் 'சர்க்' என்ற சொல்லிலிருந்து இந்தி வழியாக. ஈரானிய மொழிகளில் க-வும் ர-வும் இடம் மாறியதால் அந்த வடிவம். ஒரே மூலம், மூன்று பாதைகள், மூன்றும் தமிழில் வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால் மூன்றுக்கும் புள்ளிக்கோடுதான்.

'சைக்ளோன்' என்ற புயற்பெயரையும் கிரேக்கக் கோட்டில் தொங்கவிடலாம். 1848இல் கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் கிரேக்கத்தை வைத்து ஆக்கிய சொல் அது. பரம்பரைச் சொல் அல்ல, கற்றவர் ஆக்கம். வரைபடத்தில் அப்படியே குறியுங்கள்.

வேர்ச்சொல்லுக்குத் தனி வரைபடம் போடுங்கள். *க்வெல் வேரில் பிறந்த லத்தீன் கொலோவிலிருந்து குடியேற்றமும் பண்பாடும்: நம் தெருப் பெயர்களில் உள்ள 'காலனி', ஆங்கிலத்தின் 'கல்ச்சர்'. சமஸ்கிருதச் சரதி பக்கமிருந்து 'ஆசாரம்', 'சஞ்சாரம்'. சக்கரத்தையும் இவற்றையும் ஒரே படத்தில் திணித்தால் எது சொல்லின் பிள்ளை, எது வேரின் பிள்ளை என்று தெரியாமல் போகும். நான் பார்த்த தொடக்கநிலை வரைபடங்களில் இந்தக் குழப்பம்தான் அதிகம்.

## 11. அடுத்த சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது

அம்மா, அப்பா போன்ற மழலைச் சொற்களையும், ஒலிக்குறிப்புச் சொற்களையும் எடுக்காதீர்கள். அவை உறவில்லாத மொழிகளிலும் ஒத்திருக்கும். லத்தீனின் 'ஹபேரெ', ஆங்கிலத்தின் 'ஹேவ்' போல ஒலியும் பொருளும் அப்படியே ஒத்த சோடி கிடைத்தால் சந்தேகப்படுங்கள். ஆங்கிலத்தின் தொடக்க ஹகரத்துக்கு எதிரே லத்தீனில் ககரம்தான் வரவேண்டும். ஹேவின் உண்மையான உறவு 'பிடிக்கிறேன்' என்னும் லத்தீன் 'கப்பியோ'.

பயிற்சிக்கு நுகத்தடியை எடுக்கலாம். சமஸ்கிருதம் 'யுகம்', லத்தீன் 'யுகும்', கிரேக்கம் 'ஸுகொன்', ஆங்கிலம் 'யோக்', ஹிட்டைட் 'யுகன்'. ஆங்கிலத்தைத் தவிர மற்றவற்றின் நடுவில் உள்ள ககரத்தை ஒலிப்புள்ளதாகக் கொள்ளுங்கள் (ஹிட்டைட் எழுத்துமுறை அந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டாது). ஆங்கிலத்தில் மட்டும் அது ஏன் ஒலிப்பில்லாமல் இருக்கிறது என்பதற்குக் கிரிம்மின் ஒலிமாற்றத்திலேயே விடை இருக்கிறது. எட்டாம் படிக்கு வரும்போது, இந்த முறை ஹிட்டைட்டும் கட்டத்தில் இருப்பதால் உங்கள் முடிவு சக்கரத்துக்கு எழுதியதிலிருந்து மாற வேண்டும்.